நிலத்தடி நீர் மாதிரி எடுக்கப் போகிறவர் எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா, நான் வவுனியாவில் வசிக்கும் பட்டதாரி. அடுத்த மாதம் முதல் மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் 40 கிணறுகளில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, குழாய்க்கிணறு எல்லாம் அதில் அடக்கம். உதவிக்கு ஒரு தம்பி வருவார். இருவரும் மோட்டார் சைக்கிளில்தான் போகப்போகிறோம். போத்தல்களும் ரெஜிபோம் பெட்டியும் ஒரு சிறு போத்தல் நைத்திரிக் அமிலமும் தந்திருக்கிறார்கள். மாதிரி எடுக்கும் முறையைப் பழக்கினார்கள்; பாதுகாப்பைப் பற்றி "கவனமாகப் போய் வாங்கோ" என்றதோடு சரி. அம்மா மிதிவெடியை நினைத்துப் பயப்படுகிறார். கூடப் படித்தவர்கள் யானையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் நான் எதற்கு அஞ்ச வேண்டும்? இடம் சரியில்லை என்று ஒரு கிணற்றை விட்டுவந்தால் ஆய்வு பழுதாகிவிடுமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன். மற்றப் பாதுகாப்பெல்லாம் அந்த விடையில்தான் தங்கியிருக்கிறது. ஒரு கிணற்றை விட்டுவருவதால் ஆய்வு பழுதாகாது. விட்டதை மறைத்துப் பக்கத்துக் கிணற்று நீரை அந்த இலக்கமிட்ட போத்தலில் நிரப்பினால்தான் பழுதாகும். களத்தில் ஆட்கள் காயப்படும் சந்தர்ப்பங்களைப் பார்த்தால், அவர்களில் பலர் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். பட்டியலில் உள்ள கிணற்றை எடுக்காமல் திரும்பினால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று எண்ணி, அறிந்தே ஓர் அடி கூடுதலாக வைத்தவர்கள். ஆகவே 40 கிணறுகளுக்கு எட்டு அல்லது பத்து மாற்றுக் கிணறுகளை, அதே வகை, ஏறக்குறைய அதே ஆழம், அதே நிலம் என்று பொருந்துமாறு, இப்போதே தெரிந்து பட்டியலில் சேர்த்துத் தரும்படி உங்கள் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். இருவரில் எவர் "இது வேண்டாம்" என்றாலும் அதுவே முடிவு என்றும், காரணத்தை வாகனத்தடிக்குத் திரும்பிய பிறகுதான் பேசுவது என்றும் உங்களுக்குள் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். வயதில் இளையவரான அந்தத் தம்பிக்கும் இந்த உரிமை உண்டு என்பதை அவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வாய் திறக்க மாட்டார். ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் அதை நாட்கூலியாக மாற்றக் கேட்பதும் பாதுகாப்புக் கோரிக்கைதான்.

இனி எதற்கு அஞ்சுவது என்பதைப் பார்ப்போம். அம்மா சொல்வதும் நண்பர்கள் சொல்வதும் பொய்யல்ல, அவற்றுக்குப் பின்னர் வருகிறேன். ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் பலமுறை நெருங்கப்போவது கிணற்றின் விளிம்பை. வன்னியின் பாறை நிலத்தில் ஊற்று மெல்லவே சுரக்கும். இரவில் ஊறும் நீரைச் சேர்த்துவைத்து மறுநாள் இறைப்பதற்காகவே தோட்டக் கிணறுகளை ஐந்து ஆறு மீற்றர் அகலத்துக்கு வெட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் கட்டு இல்லை, இருந்தாலும் முழங்காலுக்கு மேல் வராது. மேல்மண்ணுக்குக் கல் கட்டாமல் விட்ட கிணறுகளில், நீர்மட்டம் மாரியில் ஏறிக் கோடையில் இறங்க, விளிம்புக்குக் கீழே மண் அரித்துக் குடைவு விழுந்திருக்கும். மேலே புல் பச்சையாக நிற்பதால் நிலம் உறுதியாக இருப்பதுபோலத் தெரியும். எனவே கட்டில்லாத கிணற்றை இரண்டு மீற்றர் தள்ளி நின்று முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நிலத்தில் வளைந்து ஓடும் வெடிப்பு, கிணற்றுப் பக்கம் சாய்ந்த மரம், புதிதாகச் சரிந்த மண் ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மாற்றுக் கிணற்றுக்குப் போய்விடுங்கள்.

இதற்கு எளிய வழி ஒன்றும் உண்டு. தோட்டக்காரர் இறைக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அந்த நேரத்துக்குப் போனால், கிணற்றை அணுகாமலே குழாயின் வாயில் மாதிரியைப் பிடிக்கலாம். நீர் தொட்டிக்குள் விழுமுன் பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கரைந்த ஒட்சிசனையும் ஆவியாகும் சேர்மங்களையும் அளப்பதற்கு அந்த முறை உகந்ததல்ல. ஆனால் புளோரைட்டு, நைத்திரேற்று, உப்புக்கள், உலோகங்கள் போன்றவற்றுக்கு, தேங்கிக் கிடக்கும் மேல்நீரை வாளியால் அள்ளுவதைவிட அது மேலானது. வாளி அல்லது மாதிரிக் குழாயை இறக்கியே ஆக வேண்டிய இடத்தில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கயிற்றின் மறுநுனியை மரத்திலோ கப்பித் தூணிலோ கட்டிவிடுங்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கருவி கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் அது போனதுதான். அதன் விலையை எவர் கேட்டாலும் நீங்கள் இறங்கி எடுக்கக் கூடாது.

இறங்கக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல மனம் படைத்தவர்கள் இறக்கிறார்கள். நிலத்தின்மேல் வைத்த இறைப்பு இயந்திரம் உறிஞ்சி ஏற்றக்கூடிய உயரத்துக்கு வளியமுக்கம் ஒரு வரம்பு இடுகிறது. கணக்குப்படி அது பத்து மீற்றர் அளவு, நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் இழுப்பது அரிது. கோடையில் நீர் அதற்குக் கீழே இறங்கியதும், தோட்டக்காரர் மண்ணெண்ணெய் இயந்திரத்தையே கிணற்றுக்குள் ஒரு திட்டில் இறக்கி வைத்து இறைக்கிறார். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரத்தைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவருக்குப் பக்கத்திலேயே விழுவார். இயந்திரம் இல்லாத பழங்கிணற்றிலும், அழுகும் இலைகுழையால் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டும் மெதேனும் தேங்கியிருக்கலாம். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 20.9 வீதம், 19.5 வீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடத்தைப் பாதுகாப்பற்றது என்று கணிக்கிறார்கள். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நம்ப வேண்டாம். சுடர் அணையும் அளவுக்கு ஒட்சிசன் குறையுமுன்பே மனிதனின் நிதானம் குறையத் தொடங்கலாம். காபனோரொட்சைட்டு இருந்தால் சுடர் அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். மெதேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஐதரசன் சல்பைட்டு இருக்கிறது என்று பொருள். சற்று நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள், செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். எவராவது உள்ளே விழுந்து கிடந்தால், மேலே நின்றபடி கயிறு போடுங்கள், 119 அல்லது 1990ஐ அழையுங்கள், ஊராரைக் கூப்பிடுங்கள், மற்றவர் இறங்குவதையும் தடுத்து நிறுத்துங்கள்.

அடுத்தது அம்மாவின் கவலை. இலங்கை 2017 டிசெம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது; அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 யூன். பெரும்பரப்பு துப்புரவாக்கப்பட்டுவிட்டது, எஞ்சியவற்றில் பெரும்பகுதி வடக்கில்தான். மக்கள் குடியிருந்து நாளாந்தம் தோட்டம் செய்யும் காணியில், அவர்கள் நடக்கும் பாதையில் நீங்களும் நடந்தால் அம்மா பயப்படும் அளவுக்கு அபாயம் இல்லை. அபாயம் நீங்கள் பாதையை விட்டு விலகும் இடத்தில் தொடங்குகிறது. விலகச் செய்வது பெரும்பாலும் கைப்பேசிதான். வரைபடத்தில் கட்டம் போட்டு இடம் தெரிவு செய்தவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து குறித்த புள்ளி பற்றைக்காட்டுக்குள் விழுந்திருக்கும், கைப்பேசியின் அம்புக்குறி அதற்கு நேர்கோட்டில் வழி காட்டும். அந்தக் கோட்டில் நடக்காதீர்கள். கிராம அலுவலரிடமும் காணிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு, காணிக்காரர் அன்றாடம் போய்வரும் பாதையில் அவரோடு போங்கள். மண்டையோட்டுப் பலகையும் சிவப்புத் தடியும் கண்ட இடத்தைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்; பலகை இல்லாததால் இடம் துப்புரவானது என்று எண்ணக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள், ஏனெனில் பலகைகள் விழும், மரத்துக்காகத் தடிகள் பிடுங்கப்படும். பழைய மண் அணை, இடிந்த பதுங்குகுழி, முட்கம்பி ஆகியவற்றுக்கு அருகில் உள்ள பாழ்கிணறுகளைத் தவிர்த்துவிடுங்கள். மீள்குடியேற்றத்தின்போது கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குமுன் உள்ளே வெடிபொருள் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்த மண் இது. நீண்ட காலம் இறைக்காத கிணற்றின் தேங்கிய நீர், நீங்கள் அறிய விரும்பும் நிலத்தடி நீரின் தன்மையைக் காட்டவும் மாட்டாது என்பதால், ஆய்வுக்கும் அதில் இழப்பில்லை. இனங்காணாத உலோகப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு விடயத்தை ஆண்கள் எழுதும் வழிகாட்டிகளில் காண்பதில்லை. ஒதுங்குவதற்காகப் பற்றைக்குள் போகும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. பாடசாலை, முன்பள்ளி, கோயில், பொதுநோக்கு மண்டபம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு நாளின் பயணக் குறிப்பிலும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக் கிணற்றுக்குப் போகும் இடத்தில் அந்த வீட்டு அம்மாவிடம் கூசாமல் கேளுங்கள். மலசலகூடம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்தான் பிற்பகலில் வெயிலில் சுருண்டு விழுகிறவர்.

அமிலப் போத்தலை ஒரு பொருட்டாக நீங்கள் எண்ணவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் பெட்டியிலுள்ள பொருட்களில் உங்களை நிச்சயமாகக் காயப்படுத்தக்கூடியது அதுதான். உலோகங்கள் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நீரின் பி.எச். பெறுமானம் 2க்குக் கீழே வரும்வரை நைத்திரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஒரு லீற்றருக்குச் செறிந்த அமிலம் இரண்டு மில்லிலீற்றர் அளவே போதும். இவ்வளவு சிறிய தேவைக்காகச் செறிந்த அமிலத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிய வேண்டுமா என்று ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். கரைந்த உலோகத்தைப் பார்ப்பதானால் களத்திலேயே வடிகட்டி அமிலமிட வேண்டும். மொத்த உலோகம் மட்டுமே தேவையென்றால், மாதிரி ஆய்வுகூடத்துக்கு வந்தபின் அமிலமிட்டு, ஒரு நாளாவது வைத்துப் பகுப்பாய்வு செய்யும் முறையும் ஏற்கப்பட்டதே. களத்தில் இடத்தான் வேண்டும் என்றால், நீரோடு சம அளவில் கலந்து நீர்த்த அமிலத்தை, ஒரு மாதிரிக்கு ஒன்றாகச் சிறு குப்பிகளில் அளந்து தரச் சொல்லுங்கள்.

அமிலம் இடும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் நைத்திரைல் கையுறையும் இன்றி மூடியைத் திறக்க வேண்டாம். போத்தலை நிலத்தில் வைத்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, மாதிரி நீருக்குள் அமிலத்தை விடுங்கள். அமிலம் ஏற்கெனவே இட்டுத் தந்த போத்தல் என்றால் அதை அலசவும் கூடாது, வழிய நிரப்பவும் கூடாது. கூழ்முட்டை நாற்றமுள்ள நீரில் அமிலம் சேர்த்தால் அந்த வாயு குபீரெனக் கிளம்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள். நுண்ணுயிர் மாதிரிக்காகக் குழாய் வாயைத் துடைக்கக் குளோரின் கரைசல் தந்திருப்பார்கள்; அதையும் அமிலத்தையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். சிந்திய நைத்திரிக் அமிலத்தைப் பழந்துணியாலோ கடதாசியாலோ ஒற்றாதீர்கள். நிறைய நீர் ஊற்றி, மீதிக்கு அப்பச்சோடா தூவுங்கள். மாதிரிக்குரிய நீர் அல்லாத ஐந்து லீற்றர் நல்ல நீர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது இமையைத் திறந்தபடி கழுவிய பின்னரே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கழுவாமல் ஓடுகிறவர் பார்வையை வழியிலேயே இழக்கக்கூடும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு விதி போதும்: தோட்டக்காரரின் மோட்டரை அவரே போடட்டும், அவரே நிறுத்தட்டும். ஈரக்கையோடு ஆளியைத் தொடாதீர்கள், மின் ஒழுகினால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் உங்கள் பம்பியைச் செருகாதீர்கள். காணி எல்லையில் தாழ்வாக ஓடும் தனிக் கம்பியைக் கண்டால், அது பன்றிக்காக நேரடி மின்சாரம் பாய்ச்சியதாக இருக்கலாம். பன்றிக்காக, தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கும் பழக்கமும் காட்டோரங்களில் இன்னும் ஒழியவில்லை. காணிக்காரர் இல்லாத காணிக்குள் நுழையாமலிருக்க இவை இரண்டும் போதிய காரணங்கள்.

யானை உண்மையில் நேரத்தைப் பொறுத்த பிரச்சினை. விடியற்காலையிலும் மாலை மங்கும் வேளையிலும் காட்டோர ஒழுங்கைகளில் இருக்காதபடி நாளைத் திட்டமிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. அன்று இரவு யானை வந்ததா என்று ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள், அவர்களுக்குத் தெரியும். பாம்பு அப்படியல்ல. மோட்டர்க் கொட்டில், கிணற்றடியில் அடுக்கிய ஓடும் விறகும், குழாய்க்கிணற்றின் கழிவுநீர் ஓடும் புல் ஆகிய இடங்களே அதற்குப் பிடித்தவை, உங்களுக்கும் அவையே வேலைத்தளம். பாட்டா செருப்போடு போகாமல் கணுக்காலை மூடும் சப்பாத்து அணிந்து, கை வைக்குமுன் தடியால் தட்டுங்கள். புடையனோ நாகமோ எது கடித்தாலும் கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. விசக்கல்லுக்கும் பார்வை பார்ப்பதற்கும் செலவிடும் நேரம் உங்களுடையது, பாம்புக்கு அதில் நட்டமில்லை. நீண்ட நாள் திறக்காத குழாய்க்கிணற்று மூடிக்குக் கீழே குளவி கூடு கட்டியிருக்கும். மூடியைத் தடியால் தட்டிச் சற்றுப் பொறுத்துத் திறவுங்கள். வீட்டு நாய் கடித்தால் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. 100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் 30 மீற்றர் நீர் நின்றால் அது ஏறக்குறைய 235 லீற்றர். நீண்ட நாள் பயன்படாத கிணற்றில் அதன் மும்மடங்கை வெளியேற்றிய பின் மாதிரி எடு என்கிறது முறை. அந்த 700 லீற்றரையும் கைப்பம்பியால் அடித்து வெளியேற்ற ஒரு மணித்தியாலம் வரை செல்லும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் இழந்த நீர் தெரியாது. இருவரும் மாறி மாறி அடியுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் குடியுங்கள், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதி சிலவற்றை வைத்திருங்கள். கூட வந்தவர் பேச்சுத் தடுமாறினால் வேலை அங்கேயே முடிந்தது. நிழல், நீர் ஊற்றல், 1990. குடிப்பது உங்கள் போத்தல் நீராக இருக்கட்டும். உவர் பார்க்கிறேன் என்று மாதிரி நீரை நாவில் வைக்க வேண்டாம், மின்கடத்துதிறன் மானி அதற்குத்தான் இருக்கிறது.

மாரியில் போவதானால் வேறு இரண்டு கவனங்கள். இடி கேட்டால் இரும்புக் குழாயையும் பம்பியையும் விட்டு வீட்டுக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். வயல் சேற்றில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனதும் அதுவே. காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது சேற்றில் இறங்காதீர்கள். பின்னர் காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பனிக்கட்டியும் நிறைந்த போத்தல்களுமாக அந்தப் பெட்டி இருபது கிலோவைத் தாண்டும். அதைக் கட்டிக்கொண்டு இருவர் மோட்டார் சைக்கிளில் காட்டுப்பாதையில் போவது எனக்கு உடன்பாடானதல்ல. முச்சக்கர வண்டி ஒன்றை வாடகைக்குக் கேளுங்கள். நுண்ணுயிர் மாதிரியை ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது நல்லது என்று சொல்லித் தந்திருப்பார்கள். ஏ9 வீதியில் பறப்பதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. அந்த மாதிரிகளை நாளின் கடைசியாக, ஆய்வுகூடத்துக்கு மிகக் கிட்டிய கிணறுகளில் எடுக்கும்படி வரிசையை மாற்றினால் பறக்க வேண்டியதில்லை. இருட்டிய பின் அந்த வீதியில் படுத்திருக்கும் மாடுகளை நீங்கள் அறிவீர்கள்.

கடைசியாக, தொலைபேசி. காட்டோரங்களில் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அன்றைய கிணறுகளின் வரிசை, காணிக்காரரின் தொலைபேசி இலக்கம், கிட்டிய வைத்தியசாலை ஆகியவற்றைத் தாளில் எழுதி, ஒரு பிரதியை அலுவலகத்தில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலை உண்டு. கிழக்கே போனால் முல்லைத்தீவின் மாஞ்சோலை வைத்தியசாலை, தெற்கே போனால் வவுனியா வைத்தியசாலை. நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் அழைப்பது என்று வைத்துக்கொண்டால், அழைப்பு வராமல் ஒரு மணித்தியாலம் கடந்ததும் அவர் காணிக்காரருக்கு எடுக்க வேண்டும், அவரும் கிடைக்காவிட்டால் தாளில் உள்ள வரிசைப்படி வாகனத்தோடு தேடிப் புறப்பட வேண்டும். முறிகண்டிப் பக்கமாகப் போகும் நாட்களில் எப்படியும் பிள்ளையாரடியில் வண்டி நிற்கும், அங்கு ஓர் அழைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்காதீர்கள். அவர் பதினொன்றரைக்கே தேடத் தொடங்கிவிடுவார், வாகனமும் அவரிடம் இருக்காது. அவருக்குத் தாளின் ஒரு பிரதியையும், பொறுப்பானவரின் இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.